கேட்கிற விலையும் போடுகிற விலையும்

மார்க்கையன்கோட்டை போன்ற ஒரு பேரூராட்சியின் அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சந்தையில் வசூல் செய்யும் உரிமை, கட்டணக் கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், சாலையோரப் புளியமரங்களின் மகசூல் என்று ஏதாவது ஒன்றைக் குத்தகைக்கு விடுவதாக இருக்கும். தலைப்பில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டே வரும்: 'பொது ஏலம் மற்றும் ஒப்பந்தப்புள்ளி'. பேச்சு வழக்கில் 'டெண்டர்-கம்-ஏலம்'. என்ன வித்தியாசம் என்று டீக்கடையில் கேட்டால், "ஏலம்னா சத்தமா கேக்குறது, டெண்டர்னா எழுதிப் போடுறது" என்று பதில் வரும்.

தப்பில்லாத பதில்தான். ஆனால் போதாது. சத்தமும் எழுத்தும் வெளித்தோற்றம். அதற்குக் கீழே இருக்கும் வேறுபாடுதான் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், யார் யாரோடு கூட்டுச் சேர முடியும், கொடுத்த வாக்கிலிருந்து எப்போது பின்வாங்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

முதலில், புழக்கத்தில் இருக்கும் சில விளக்கங்களைக் கழித்துவிடலாம். ஏலம் விற்பதற்கு, டெண்டர் வாங்குவதற்கு. ஏலத்தில் அதிகம் கேட்டவர் ஜெயிப்பார், டெண்டரில் குறைவாகப் போட்டவர் ஜெயிப்பார் என்பார்கள். ரோடு போடும் வேலைக்கு இது பொருந்தும். ஆனால் கோயில் நிலக் குத்தகைக்கும் டெண்டர் பெட்டி வைக்கிறார்கள். அங்கே அதிகம் எழுதியவருக்குத்தான் நிலம். மறுபக்கம், நம் ஊர் ஏலச்சீட்டைப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை அவசரக்காரர் தள்ளிக் கேட்கிறார். யார் அதிகம் தள்ளுகிறாரோ, அதாவது யார் குறைவான பணத்துக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்குச் சீட்டு. விலை கீழே இறங்குகிறது, பெயர் மட்டும் ஏலம். 2016-ல் தொடங்கிய மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தையிலும் 'ரிவர்ஸ் ஆக்‌ஷன்' என்றொரு முறை உண்டு. விற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். எனவே மேலா கீழா என்பது கணக்கில்லை.

திறந்தது ஏலம், மூடியது டெண்டர் என்று பெயரை வைத்துச் சொல்லவும் முடியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பருத்திக்கும் கொப்பரைக்கும் நடப்பதை 'மறைமுக ஏலம்' என்கிறார்கள். வியாபாரிகள் குவியலைப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி திறந்ததும் அதிக விலை எழுதியவருக்கு அந்தக் குவியல். பெயரில் ஏலம் இருந்தாலும் நடப்பது டெண்டர்.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். 'பிட்' என்பது விலை கேட்கும் செயல். அது ஏலக் கூடத்திலும் நடக்கலாம், உறைக்குள்ளும் நடக்கலாம். 'டெண்டர்' என்பது நீட்டிக் கொடுப்பது, ஒப்படைப்பது. எழுத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் விலை. ஆக எல்லா டெண்டரும் ஒருவகைப் பிட், எல்லாப் பிட்டும் டெண்டர் அல்ல. அமெரிக்க அரசுக் கொள்முதல் விதிகள் உறையில் போடுவதையும் 'சீல்டு பிட்டிங்' என்றே சொல்கின்றன. பிரிட்டனிலும் இங்கேயும் அதற்கு டெண்டர் என்று பெயர். நம் அலுவலகங்கள் இரண்டையும் கலந்து 'டெண்டரில் டெக்னிக்கல் பிட்' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கின்றன. தமிழில் வினைச்சொல் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஏலத்தைக் கேட்கிறோம், டெண்டரைப் போடுகிறோம். கேட்டவர் மறுபடியும் கேட்கலாம். போட்டவர் போட்டதுதான்.

என் கணக்கில் வேறுபாடு இதுதான்: அடுத்தவர் விலை தெரிந்த பிறகு என் விலையை மாற்ற எனக்கு வாய்ப்பு இருந்தால் அது ஏலம். தெரிவதற்கு முன்பே என் விலையை நான் முடித்தாக வேண்டும் என்றால் அது டெண்டர். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

மார்க்கையன்கோட்டையிலிருந்து வடக்கே போடிநாயக்கனூர் போனால் ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். அந்த ஊரில் ஏலத்துக்கே ஏலம். பண்டத்தின் பெயர் பழைய தமிழ்ப் பெயர், விற்பனை முறையின் பெயர் போர்ச்சுக்கீசியர் வழியே வந்தது. இரண்டும் ஒரே ஓசையில் வந்து நின்றது தற்செயல். மேலே இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய், ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏல மையங்களில் விற்பனையாகிறது. ஒன்று போடியில், இன்னொன்று கேரளப் பக்கம் வண்டன்மேட்டை ஒட்டிய புத்தடியில். 1987-ஆம் ஆண்டு ஏலக்காய் உரிமம் மற்றும் விற்பனை விதிகளின்படி உரிமம் பெற்றவர்கள் ஏலம் நடத்துவார்கள், உரிமம் பெற்ற வியாபாரிகள் வாங்குவார்கள். ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரியின் முன்னால் வரும். நிறம், பருமன், உடைந்த காய் எவ்வளவு என்று பார்ப்பார். முன்பு வாயால் கூவிக் கேட்டார்கள். இப்போது கணினித் திரையில் விலை ஏறுகிறது. சில நொடிகளில் ஒரு குவியல் முடிந்து அடுத்தது வந்துவிடும்.

இந்தப் பண்டத்துக்கு டெண்டர் ஏன் சரிவராது? ஏலக்காயின் மதிப்பு ஒரு வியாபாரியின் மனதுக்குள் மட்டும் இல்லை. வளைகுடா நாடுகளில் என்ன விலை போகிறது, குவாத்தமாலாவில் விளைச்சல் எப்படி, மலையில் அடுத்த பறிப்பு எப்போது என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு மதிப்பு வெளியே இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். கூடத்தில் ஒருவர் விலையை ஏற்றும்போது அவருக்குத் தெரிந்த துண்டு மற்றவருக்கும் தெரிந்துவிடுகிறது. 2018 பெருமழை, அதை அடுத்து வந்த வறட்சி எல்லாம் சேர்ந்து வரத்து குறைந்தபோது, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. உறைக்குள் எழுதியிருந்தால் அந்த உயரத்துக்குப் போகும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்பது சந்தேகம்தான். பக்கத்தில் இருப்பவரும் ஏறுகிறார் என்று தெரிந்ததால் ஏறினார்கள்.

அடுத்தவர் விலை தெரியாமல் எழுதுகிறவருக்கு ஒரு ஆபத்து உண்டு. புளியமர மகசூலை எடுத்துக்கொள்வோம். மரத்தில் தொங்குவது எத்தனை மூட்டை என்று ஆளாளுக்கு ஒரு மதிப்பு. ஒருவர் கூட்டி நினைப்பார், ஒருவர் குறைத்து நினைப்பார். உறையில் போட்டால் யார் மிக அதிகமாகக் கூட்டி நினைத்தாரோ அவருக்கே குத்தகை விழும். அதாவது ஜெயித்ததே, தப்பாகக் கணித்தார் என்பதற்கு அடையாளம். 1971-ல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் குத்தகைகளை ஆராய்ந்து இதை எழுதினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று பொருளியலில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊர்க் குத்தகைக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதே காரணத்துக்காகக் கையை இறுக்கி எழுதுகிறார்கள். மதிப்பு பொதுவானதாகவும் நிச்சயமில்லாததாகவும் இருக்கும்போது ஏலம் விற்பவருக்கு அதிகம் தரும் என்பதைப் பால் மில்க்ரோமும் ராபர்ட் வெபரும் 1982-ல் கணிதமாக நிறுவினார்கள். மில்க்ரோமுக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் வில்சனுக்கும் 2020-ல் பொருளியல் நோபல் கிடைத்தது.

ஏலத்தையும் உறையையும் ஒரே சட்டகத்தில் முதலில் வைத்துப் பார்த்தவர் வில்லியம் விக்ரே. கட்டுரை வந்தது 1961-ல். 1996-ல் நோபல் அறிவித்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் சொன்னதை நம் மரத்தடிக்குக் கொண்டு வருவோம். மகசூல் தனக்கு 60,000 ரூபாய் பெறும் என்று ஒருவர் நினைக்கிறார், இரண்டாமவர் 50,000, மூன்றாமவர் 42,000. ஏலம் விட்டால் இரண்டாமவர் 50,000-ல் நின்றுவிடுவார். முதலாமவர் அதற்குச் சற்று மேலே கேட்டு எடுத்துவிடுவார். அவர் கட்டுவது தன் விலையை அல்ல, தோற்றவரின் விலையை. டெண்டரில் அவர் தானே எழுதிய விலையைத்தான் கட்ட வேண்டும். அதனால் 60,000 என்று எழுத மாட்டார். மற்றவர் எவ்வளவு போடுவார் என்று ஊகித்துக் குறைத்து எழுதுவார். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் இரண்டு முறையிலும் விற்பவருக்குச் சராசரியாக ஒரே தொகைதான் வரும் என்பது விக்ரேயின் முடிவு. அந்த நிபந்தனைகளில் ஒன்று, கேட்பவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளவில்லை என்பது. ஊர்க்காரர்கள் இங்கேதான் சிரிப்பார்கள்.

பேசிவைத்துக்கொள்வதை 'ரிங்' என்றும் 'சிண்டிகேட்' என்றும் சொல்வோம். மேலே சொன்ன மூவரும் சேர்ந்து, முதலாமவர் 20,000-க்கு எடுக்கட்டும், மிச்சத்தைப் பங்கிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். ஏலக் கூடத்தில் இரண்டாமவர் திடீரென வாக்கு மாறி 25,000 என்று கேட்டால் என்ன ஆகும்? முதலாமவர் அங்கேயே நிற்கிறார். அடுத்த நொடியே ஏற்றிக் கேட்டுவிடுவார். துரோகம் செய்தவருக்குப் பங்கும் போச்சு, மரமும் போச்சு. எனவே யாரும் மாற மாட்டார்கள். டெண்டரில் அவர் யாருக்கும் தெரியாமல் 25,000 என்று எழுதிப் போட்டுவிடலாம். பெட்டி திறக்கும்போதுதான் மற்றவருக்குத் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கூட்டணியைக் காப்பது ஏலம், உடைப்பது உறை. ஆட்கள் குறைவாகவும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவும் இருக்கும் இடத்தில் உறைதான் நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பொருளியல் புத்தகத்தில் அதிகம் வராது. ஏலத்தில் யார் யாரை எதிர்த்துக் கேட்டார் என்பது ஊருக்கே தெரியும். தென்மாவட்டங்களில் கண்மாய் மீன்பாசி ஏலத்தில் யார் வாய் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதைச் சாதியும் தலைக்கட்டும் தீர்மானித்த காலம் நீண்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊராட்சித் தலைவர் பதவியையே கோயில் திருப்பணிக்கென்று 'ஏலம்' விடும் கூத்தும், அதைத் தடுக்க மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிப்பதும் உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் செய்தியாகிறதே, அங்கே விலை ஏறுவது பண பலத்தால் மட்டும் அல்ல. உறையில் எழுதுகிறவர் முகத்துக்கு நேரே யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை.

ஆனால் பெட்டியிலும் கோளாறு உண்டு. பெட்டி இருக்கும் அறைக்கு வெளியே நான்கு பேர் நின்று வேற்றாளை உள்ளே விடாமல் தடுத்த கதை தமிழ்நாட்டு ஒப்பந்தக்காரர்களிடம் நிறையக் கிடைக்கும். உள்ளே யார் என்ன எழுதினார் என்பது பெட்டி திறக்கும் முன்பே கசிவதும் உண்டு. கசிந்த நொடியிலேயே டெண்டர் டெண்டராக இல்லாமல் போய்விடுகிறது. அடுத்தவர் விலை தெரிந்த ஒருவருக்கு மட்டும் அது ஏலம். இணையவழி டெண்டர் வந்ததற்கு வேகம் ஒரு காரணம், இந்த நான்கு பேர் இன்னொரு காரணம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசுக் கொள்முதலுக்கான சட்டம். அதன் 2000-ஆம் ஆண்டு விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கேட்கின்றன. விலை பேசுவதாக இருந்தால் மிகக் குறைவாகப் போட்டவரிடம் மட்டும்தான் பேசலாம். எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினால் அது மறுபடியும் ஏலமாகிவிடும்.

ரிங்கை உடைக்க அரசே திண்டாடியதற்கு மதுக்கடைகள் சாட்சி. தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை உரிமங்கள் பல ஆண்டுகள் ஏலத்தில் போயின. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்ததால் 2000-களின் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கலுக்கு மாறினார்கள். அப்போதும் ஒரே கூட்டம் பல பெயர்களில் விண்ணப்பித்தது. கடைசியில் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. விலை கேட்பதில் கூட்டுச் சேர்வதை 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்கிறது. புளியமரம் வரை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

சரி, ஒரே வியாபாரத்தில் இரண்டும் வேண்டியிருக்குமா? ஐபிஎல்லைப் பாருங்கள். 2008 ஜனவரியில் எட்டு அணிகளையும் விற்றது உறை முறையில். சென்னைக்கு இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலர் எழுதியிருந்தது. அடுத்த மாதமே வீரர்களை விற்றது திறந்த ஏலத்தில். தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னை வந்தார். 2012-ல் ரவீந்திர ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் மாறி மாறிக் கேட்டு, உச்சவரம்பான 20 லட்சம் டாலரில் இரண்டும் நின்றுவிட்டன. அங்கே ஏலம் நின்று டெண்டர் தொடங்கியது: இரு அணிகளும் ரகசியமாக ஒரு கூடுதல் தொகை எழுதிக் கொடுக்க, அதிகம் எழுதிய சென்னைக்கு அவர் கிடைத்தார். ஆட்கள் பலராக இருக்கும்வரை கூவல், இருவர் மட்டும் மிஞ்சினால் உறை. பால் கிளெம்பரர் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1990-களின் இறுதியில் இப்படி ஒரு கலப்பு முறையைத்தான் அலைக்கற்றை விற்பனைக்குப் பரிந்துரைத்திருந்தார்.

நம் 'டெண்டர்-கம்-ஏலம்' அதற்கு அண்ணன் தம்பி போலத் தோன்றும். ஆனால் வரிசை வேறு. இங்கே உறையைப் பெட்டியில் போடுவது முதலில். பிறகு கூடத்தில் ஏலம். ஏலம் முடிந்த பின் பெட்டியைத் திறந்து எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வது வழக்கம். கூடத்தில் நிற்பவர்களுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எல்லோரும் பேசிவைத்து 20,000-ல் முடித்தாலும் பெட்டியிலிருந்து ஒரு 35,000 வெளியே வந்து விழலாம். அந்தப் பயம்தான் கூடத்து விலையைத் தூக்கி நிறுத்துகிறது. இரண்டு முறைகளின் மீதும் நம்பிக்கை இல்லாத அதிகாரிகளும் கவுன்சிலர்களும் ஒன்றை மற்றதற்குக் காவல் வைத்திருக்கிறார்கள். இதை அரைகுறை நிர்வாகம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

விலையை எப்போது திரும்பப் பெறலாம் என்பதில் சட்டமும் இந்தப் பிரிவைக் காக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் விழும்வரை அல்லது வழக்கமான வேறு முறையில் முடிவு அறிவிக்கும்வரை, கேட்டவர் தன் விலையை வாபஸ் வாங்கலாம். நம் வழக்கத்தில் அது 'மூணு தரம்'. அறிவிக்காமல் விற்பவரே ஆள் வைத்து விலை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். டெண்டரில் கதை வேறு. ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்கப்படும்வரை யாரும் பின்வாங்கலாம்தான். ஆனால் டெண்டர் நிபந்தனையில் எழுதியிருந்தால் வைப்புத்தொகை, நம் பேச்சில் டேவணி, பறிபோகும். 2003-ல் கங்கா எண்டர்பிரைசஸ் வழக்கில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அப்படிப் பறித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்தவர் விலையைப் பார்த்துவிட்டு நழுவுவதற்கு உறையில் இடம் கொடுத்தால் உறைக்கு அர்த்தம் இல்லை.

அந்தத் தர்க்கத்தின் உச்சம் ஒரு கனடா நிறுவனப் பங்குகள் பற்றிய வழக்கு. இரண்டு பேரிடம் உறையில் விலை கேட்டார்கள். ஹார்வேலா நிறுவனம் 21,75,000 டாலர் என்று எழுதியது. மற்றவர், '21 லட்சம், அல்லது வேறு யார் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும் அதைவிட 1,01,000 டாலர் அதிகம்' என்று எழுதினார். படு சாமர்த்தியம். 1985-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. இரண்டு பேரும் அப்படியே எழுதியிருந்தால் விலையே கிடைக்காது. உறைக்குள் ஏலத்தை ஒளித்து வைக்க முடியாது என்பதே சாரம்.

இவ்வளவு சொன்னதை வைத்து, அரசு எதையும் ஏலத்திலோ டெண்டரிலோதான் விட வேண்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2012 பிப்ரவரியில் 2ஜி வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் ஏலத்தைத் தூக்கிப் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்குப் பதில் சொல்லும்போது, எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம்தான் ஒரே வழி என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை என்று விளக்கியது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலில் விளையும் நெல் அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஏலமும் இல்லை, டெண்டரும் இல்லை. அரசு அறிவித்த விலைதான்.

மீதமிருப்பது ஒரு நடைமுறைச் சிக்கல். பெட்டி திறந்து, கூடமும் கலைந்த பிறகு, மறுநாள் காலையில் ஒருவர் மனுவோடு வந்து நிற்பார்: "அதுக்கு மேல பத்தாயிரம் நான் தர்றேன், மறு ஏலம் வைங்க." ஊருக்கு வருமானம் கூடும் என்பதால் கவுன்சிலர்களுக்கும் ஆசை வரும். மன்றமோ அதிகாரியோ உறுதி செய்யும்வரை அதிகம் கேட்டவருக்கு உரிமை பிறக்காது என்று 1996-ல் லட்சுமிகாந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது; அந்த இடைவெளியில்தான் இந்த மனு நுழைகிறது. உறுதி செய்த பிறகும் வந்தால்? 2008-ல் வால்ஜி கிம்ஜி வழக்கில் அதற்கும் பதில் உண்டு: மோசடி நடந்திருந்தாலொழிய, பிறகு ஒருவர் கூடுதலாகத் தருகிறார் என்பதற்காக உறுதியான விற்பனையைக் கலைக்கக் கூடாது, கலைத்தால் எந்த ஏலமும் முடியாது. உறுதி செய்யும் நாளை அறிவிப்புத் தாளிலேயே அச்சிட்டுவிட்டால், அந்த மனுக்காரரும் முந்தின நாளே உறையோடு வந்துவிடுவார்.